சம்ப் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்

அன்புள்ள செல்விக்கு,

ஐப்பசி மழையில் வேளச்சேரியில் உங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றதாக மாப்பிள்ளை சொன்னார். கேன் தண்ணீர்தானே குடிக்கிறோம் என்பாய். பல் விளக்குவதும் காய் கழுவுவதும் டம்ளர் அலம்புவதும் சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டித் தண்ணீரில்தானே? கிருமிக்கு அதுவே போதும்.

சம்ப் மூடியின் விளிம்பு தரையோடு தரையாக இருந்தால் தெருத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். சாக்கடைத் தொட்டி பக்கத்திலேயே இருந்து சுவரிலும் விரிசல் இருந்தால், சம்பில் மட்டம் இறங்கும்போதெல்லாம் கழிவு கசிந்து வரும். தெருக்குழாயும் அப்படித்தான். சப்ளை நின்றதும் உள்ளே அழுத்தம் போய், ஓட்டை வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சும். அதனால் மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) விட்டதும் முதலில் வருவதைப் பிடிக்காமல் வெளியே விடவேண்டும். தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதே.

சம்பை இறைத்துத் தேய்த்துக் கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் போட்டு 12 மணி நேரம் விடவேண்டும். அதை மேல்தொட்டிக்கும் ஏற்றி, குளோரின் வாடை வரும்வரை எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, பிறகு முழுவதும் வெளியேற்றவேண்டும். அதன்பின் புதுத் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். அரை மணியாவது கழித்துத்தான் புழங்கவேண்டும். இந்தக் கணக்கு 33 சதவீதம் குளோரின் உள்ள பவுடருக்கு. திறந்து கிடந்து கட்டிபிடித்த பவுடர் வெறும் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் ஊற்றவேண்டும். கலங்கல் தண்ணீரில் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். டாய்லெட் ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு. ஆளைத் தனியாக உள்ளே இறக்கவே கூடாது. நீ அந்தப் பக்கம் போகாதே.

இவ்வளவு செய்தாலும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும். 1955 நவம்பரில் டெல்லியில், யமுனையில் குடிநீர் எடுக்கிற இடத்தில் சாக்கடை கலந்தது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை. ஆனால் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ வைரஸ் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

உனக்கு ஏழாம் மாதம் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும் இந்தக் காமாலை, கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகளுக்கு வந்தால் 100-க்கு 20, 25 பேர் வரை உயிரைப் பறித்திருக்கிறது. கிருமி உள்ளே போய் 2 முதல் 10 வாரம் கழித்தே தெரியும். இன்று குடித்ததற்கு மார்கழியில்கூடக் காட்டும். கண் மஞ்சளாகும் முன்பே பசி போகும், குமட்டும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும். அன்றைக்கே டாக்டரிடம் போ. கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுக் காத்திராதே.

கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். சீக்கிரம் ஆறவேண்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கலந்தால் கொதிக்கவைத்ததே வீண். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடிவைத்து, பிடியுள்ள கரண்டியால் எடு. விரல் நனைய டம்ளரை முக்காதே. ஜூஸ் கடை ஐஸ் வேண்டாம்.

டைஃபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் வரும். காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். விடால் டெஸ்ட் என்கிற ரத்தச் சோதனையை மட்டும் நம்பாமல், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் பிளட் கல்ச்சர் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல். காலராவோ சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஐந்து நாளில் தெரியும். வயிற்றுப்போக்கு அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்தால் உடனே ஆஸ்பத்திரி, வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே போகவேண்டும்.

அந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைப்பதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து ஆபத்து. பாதி பாக்கெட் என்று கண்ணளவில் பிரிப்பதும் கூடாது. 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் விற்கிறது, உறையைப் படி. 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதே. பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் குடி. குளுக்கோஸ் பவுடர் இதற்கு ஈடாகாது.

மூடி விளிம்பை இரண்டு வரிசை செங்கலாவது உயர்த்திக் கட்டும்படி அசோசியேஷன் செயலாளரிடம் மாப்பிள்ளையைப் பேசச் சொல். அடுத்த மழைக்கு முன் பூச்சு காயவேண்டும்.

அன்புடன்,
அம்மா