வரிசையைக் குலைத்தது எது?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2026 ஜனவரி 27 முதல் இருக்கை எண் தரும் முறைக்கு மாறியது பற்றிய செய்தியைப் படித்தேன். பயணிகள் ஏறும் வரிசை குலைந்ததற்கு, இருக்கை எண் இல்லாமல் ஏறியவர் விரும்பிய இடத்தில் அமர்ந்த பழைய முறையின் மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. பயணிகளை ஏ, பி, சி எனப் பிரித்து, 1 முதல் 60 வரை எண் கொடுத்த வரிசை வாயில்வரை பெரும்பாலும் ஒழுங்காகவே வந்தது, குலைந்தது விமானத்துக்குள். முதலில் ஏறியவர் பின்னால் வருபவருக்காகப் பையை வைத்து இடம் பிடித்தால், அதைத் தடுக்கவும் விதி இருக்கவில்லை, அனுமதிக்கவும் விதி இருக்கவில்லை. தகராறு பணியாளர் தலையில் விழுந்தது.

இருக்கை எண் வந்தாலும், மேலே பெட்டி வைக்கும் இடத்துக்காக முந்துவோர் குறையப்போவதில்லை. தன் முறை வருமுன் நுழைபவரின் சீட்டை ஸ்கேன் செய்ததும் ஒலியெழுப்பும் ஏற்பாட்டை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2024இல் பல நிலையங்களில் கொண்டுவந்தது. பிற நிறுவனங்களும் இதைப் பின்பற்றலாம். ஒலித்தபின் அவரைத் திருப்பி அனுப்பவும் வேண்டும்.