மார்ச் 31 ராத்திரி போன பாயிண்ட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்று, போய்ப் பொருத்திக் கொடுப்பது என் தொழில். வீடு கோவை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவையாவது சென்னை, அகமதாபாத், லூதியானா என்று ஓட வேண்டியிருக்கும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரம் நின்றுபோன மில்காரர் யாரும் "மெதுவா ரயில்ல வாங்க" என்று சொல்வதில்லை. பதினோரு வருடமாகப் பெரும்பாலும் ஒரே விமான நிறுவனத்தில்தான் பறக்கிறேன். டிக்கெட் முந்நூறு, நானூறு கூடுதலாக இருந்தாலும் அதில்தான் எடுப்பேன். அவர்கள் மீது பாசம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கில் பாயிண்ட் ஏறும், சேர்த்தால் அதைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கலாம் என்பதுதான் காரணம்.

பாயிண்ட் எதற்கு என்றால், அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போக. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. விமானத்தில் ஏறியதே இல்லை. சம்பாத்தியத்தில் எடுத்துக் கூட்டிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம்தான். "இந்தத் தீபாவளிக்குள்ள இன்னொரு பத்தாயிரம் சேர்ந்துடும்மா" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். சீட்டுப் போடுகிறவன் புத்தி.

கடந்த மார்ச் மாதம் என் கணக்கில் 38,400 பாயிண்ட் இருந்தது. அந்த நிறுவனத்தின் கணக்கு இப்படி: ஏப்ரல் முதல் மார்ச் வரை 40 தடவை பறந்தால், அடிக்கடி பறப்பவர்களுக்குத் தரும் மேல்நிலை அட்டை தொடரும், பாயிண்ட்டுக்குக் காலாவதி கிடையாது. 40க்கு ஒன்று குறைந்தாலும் அட்டை ஒரு படி இறங்கும், இரண்டு வருடத்துக்கு முந்தைய பாயிண்ட் எல்லாம் அன்று ராத்திரியோடு அழியும். நான் 39இல் நின்றேன். நாற்பதாவது, மார்ச் 31 இரவு 9.50க்குச் சென்னையிலிருந்து கோவை திரும்பும் விமானம்.

உண்மையில் அது நாற்பத்திரண்டாவது. இரண்டு பயணம் கணக்கில் ஏறவில்லை. அதற்குக் காரணம் என் இனிஷியல். லூதியானா மில்லில் டிக்கெட் போட்டவர் அப்பா பெயரை முழுசாக விரித்து முன்னால் போட்டுவிட்டார். என் அட்டையில் இனிஷியல் ஓர் எழுத்தாகப் பின்னால் இருக்கிறது. "பெயர் பொருந்தவில்லை" என்று நிராகரித்துவிட்டார்கள். ஆதார் நகல், போர்டிங் பாஸ் எல்லாம் அனுப்பினேன். கால் சென்டரில் பேசும் பெண் ஒவ்வொரு முறையும் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். அப்பா காலமாகி இருபத்தேழு வருடம் ஆகிறது. அவர் பறந்த மாதிரியும் பாயிண்ட் ஏறவில்லை, நான் பறந்த மாதிரியும் ஏறவில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாத நம்மூர் ஆட்கள் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, மார்ச் 31க்கு வருகிறேன். எட்டு மணிக்கே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். 8.55க்குக் குறுஞ்செய்தி: விமானம் 10.35. பிறகு 11.10 என்றார்கள். பிறகு 11.45. கேட் இரண்டு தடவை மாறியது. பொட்டியைத் தூக்கிக்கொண்டு கும்பல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தது. டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பயணிகள் விதியை நான் அச்செடுத்துப் பையில் வைத்திருப்பவன் (தொழில் புத்தி, எந்த இயந்திரத்துக்கும் கையேடு இல்லாமல் கை வைக்க மாட்டேன்). இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் பயணிக்குச் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும் என்கிறது அது. 9.50க்கும் 11.45க்கும் நடுவில் எவ்வளவு? ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் தப்பித்துக்கொண்டார்கள். தற்செயலாகவே இருக்கட்டும்.

2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்கு டீ தரும் கடையைத் திறந்தார்கள். நல்ல காரியம். நாங்கள் உட்கார்ந்திருந்த கேட் பக்கத்தில் அது இல்லை. அங்கே டீ 180 ரூபாய்.

11.40க்கு விமானமே ரத்து என்றார்கள். காரணம் "செயல்பாட்டுக் காரணங்கள்". அடுத்த விமானம் காலை 6.15. கூட்டம் கவுன்ட்டரை மொய்த்தது. அங்கே நின்றது ஒரே ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஒருவர் மேசையைத் தட்டுகிறார், ஒருவர் வீடியோ எடுக்கிறார். அத்தனைக்கும் நடுவில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு தாய் பால்பவுடர் கரைக்க வெந்நீர் கேட்டார். கடையெல்லாம் மூடிவிட்டது. அந்தப் பெண் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு ஊழியர் அறைக்கு ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தார். அந்த ராத்திரி அந்த நிறுவனத்தின் பெயரில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரவு எட்டு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் தங்க அறை தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. யாராவது கேட்டால்தான் தருகிறார்கள். என் காகிதத்தைக் காட்டிய பிறகு, ஒன்றரை மணிக்கு ஒரு வேன் வந்தது. பல்லாவரத்தில் ஒரு லாட்ஜ், அறைக்கு இரண்டு பேர். முன்பின் தெரியாத ஒருவரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நாலேகாலுக்கு எழுப்பிவிட்டார்கள்.

வீடு வந்து கைபேசியில் கணக்கைத் திறந்தால் 12,100 பாயிண்ட் இருந்தது. 26,300 போய்விட்டது. அட்டையும் ஒரு படி இறங்கியிருந்தது. எழுதிக் கேட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதிலின் சாரம்: தங்கள் பயணம் ஏப்ரல் 1 அன்று மேற்கொள்ளப்பட்டதால் சென்ற ஆண்டுக் கணக்கில் சேராது. நல்லெண்ண அடையாளமாக 500 பாயிண்ட் வழங்குகிறோம், ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும்.

நான் மார்ச் 31 அன்று பறக்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன் ஐயா. பறக்காதது அவர்கள்.

அவிநாசி சாலை மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஹோப்ஸ் பக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டு கோவை விமான நிலையத்துக்கு மூன்று நிமிடம் பிந்திப் போனேன். கிளம்ப அறுபது நிமிடம் முன்பே கவுன்ட்டர் மூடிவிடும். பெட்டியைப் போட விடவில்லை. "சிஸ்டம் லாக் ஆயிடுச்சு சார்" என்றார்கள். அடுத்த விமானத்துக்கு 9,400 ரூபாய் கொடுத்தேன். தப்பு என்னுடையது, கொடுத்தேன். எனக்கு மூன்று நிமிடத்தில் பூட்டிக்கொள்கிற சிஸ்டம், அவர்கள் எட்டரை மணி நேரம் தள்ளிப்போனதைப் பொருட்படுத்தவே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தாமதமே கூடாது என்று சொல்லவில்லை. டில்லியில் பனிமூட்டம் இறங்கினால் யார் என்ன செய்ய முடியும்? ஒரே விமானம் நாள் முழுக்க ஐந்தாறு ஊருக்குப் போய்வருகிறது. காலையில் முதல் ஊரில் அரை மணி பிந்தினால் ராத்திரி கோவைக்காரன் தலையில் அது இரண்டு மணியாக விழும். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாகக் கூட்டியதும் சரிதான். தூங்காத ஆளை நான் ஓடுகிற ஸ்பிண்டில் (நூற்புக் கதிர்) பக்கமே நிற்க விடமாட்டேன். அந்தப் புது விதிக்கு ஆள் சேர்த்து வைக்காமல், 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானதை எல்லோரும் பார்த்தோம். அதையும் "செயல்பாட்டுக் காரணம்" என்றுதானே சொன்னார்கள்?

நம் விதியில் இரண்டு பெரிய ஓட்டை இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் இழப்பீடு உண்டு: பறக்கும் நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000, இரண்டு மணிக்குள் 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. ஆனால் வெறும் தாமதத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமோ டிக்கெட் பணமோ, அவ்வளவுதான். ஜெர்மனியில் இருக்கும் என் தங்கை மகன் மூன்றரை மணி தாமதத்துக்கு 250 யூரோ வாங்கினான். ஐரோப்பாவில் 2004இல் போட்ட சட்டம் அது. மூன்று மணி தாமதத்துக்கும் பணம் உண்டு என்று 2009இல் அவர்கள் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வானிலை மாதிரி காரணங்களுக்கு அங்கேயும் விலக்கு உண்டு. அதைத் தாண்டியும் பணம் தருகிறார்கள். நிறுவனங்கள் ஒன்றும் இழுத்து மூடிவிடவில்லை.

இரண்டாவது ஓட்டை பாயிண்ட். அச்செடுத்த அந்தப் பக்கங்களில் எங்கே தேடினாலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நிறுவனமே விதி எழுதும், நிறுவனமே மாற்றும். முன்பு பறந்த தூரத்துக்குப் பாயிண்ட். இப்போது பல இடங்களில் கொடுத்த பணத்துக்குப் பாயிண்ட். 2022இல் சென்னை–வாரணாசிக்கு நான் பார்த்தபோது 8,000 பாயிண்ட் கேட்டார்கள், இந்த ஜனவரியில் 14,500. அதற்கு மேல் வரி, கட்டணம் என்று கையிலிருந்து காசு வேறு.

இதெல்லாம் சும்மா இனாம்தானே, போனால் போகட்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். இனாம் இல்லை. மீந்திருக்கும் பாயிண்ட்டை அவர்கள் கணக்குப் புத்தகத்திலேயே பயணிக்குத் தரவேண்டிய பொறுப்பாகத்தான் காட்ட வேண்டும். பயன்படாமல் போனால் அது வருமானமாக மாறும். வங்கிகளுக்குக் கடன் அட்டை வழியாக இதே பாயிண்ட்டைக் காசுக்கு விற்கிறார்கள். 2020இல் கொரோனாவில் விமானங்கள் நின்றபோது அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் மைலேஜ் திட்டத்தையே, அதாவது இதே மாதிரி பாயிண்ட் திட்டத்தையே, அடமானம் வைத்து 500 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கியது. அடகுக் கடையில் செல்லுபடியாகிற பொருள் என் கைக்கு வந்தால் மட்டும் காற்றாகிவிடுமா? 2024 செப்டம்பரில் அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் பாயிண்ட் விவகாரத்தை விளக்கச் சொல்லிக் கேட்டது. நம் அமைச்சகமும் கேட்கட்டும்.

அப்படியே இன்னொன்று. நேரம் தவறாமைக் கணக்கு மாதாமாதம் வருகிறது, ஆனால் பெருநகர விமான நிலையங்களை வைத்து மட்டும்தான். கோவை, மதுரை, தூத்துக்குடியில் நாங்கள் உட்கார்ந்திருக்கும் மணிகள் அதில் ஏறாது.

நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. நிறுவனத்தால் பயணம் தள்ளிப்போனால், டிக்கெட்டில் இருக்கும் தேதியையே பறந்த தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாயிண்ட்டின் விலையை உயர்த்துவதென்றால் ஆறு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று இன்னொரு வரி. இனிஷியல் காரணமாகப் பயணத்தை நிராகரிக்கக் கூடாது என்று மூன்றாவதாக ஒன்று. மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார்த் தளமான ஏர்சேவாவில் புகார் பதிந்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். என்னைப்போல் மாட்டியவர்கள் தாமதக் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், ரத்தானதற்கு எழுத்தில் காரணம் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது மறுநாள் மாறிவிடுகிறது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. பாயிண்ட் என்றால் என்னவென்று அவருக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. "ஏஞ்சாமி, சேத்து வெச்சத எடுக்கறதுக்குமா தேதி வெப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் இரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ப.சு.,
சிங்காநல்லூர், கோவை