மருந்தை ஊசியில் ஏற்றும் முன்

எல்லாருக்கும் வணக்கம். புதிதாகச் சேர்ந்த கால்நடை மருத்துவ உதவியாளர்கள் மருந்தளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

கணக்கு எளிதுதான். எடையை, கிலோவுக்கு இத்தனை மி.கி. என்ற அளவால் பெருக்கி, மருந்தின் செறிவால், அதாவது ஒரு மில்லியில் உள்ள மி.கி. அளவால், வகுக்க வேண்டும். 4 கிலோ பூனை, கிலோவுக்கு 5 மி.கி., குப்பியில் மில்லிக்கு 50 மி.கி. என்றால் 0.4 மில்லி. ஆனால் குப்பியைச் சரியாகப் படிக்காவிட்டால் கணக்கு சரியாக இருந்தும் பயனில்லை. சைலசீன் என்ற மயக்க மருந்து மில்லிக்கு 20 மி.கி.யாகவும் வருகிறது, 100 மி.கி.யாகவும் வருகிறது. மாற்றி எடுத்தால் ஐந்து மடங்கு! குதிரைக்குக் கொடுப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

பூனைக்குப் பாரசிட்டமால் கூடவே கூடாது. அதைப் பாதுகாப்பாக வெளியேற்ற உதவும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நச்சு தேங்கி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும். வீட்டில் மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா என்று வளர்ப்பவரிடம் மென்மையாகக் கேளுங்கள். திட்டுவோமோ என்று பயந்து பலர் தாமாகச் சொல்வதில்லை. பாவம், அவர்கள் நல்லதென்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

கோலி இன நாய் என்றால் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைப் போடும் முன் மருத்துவரிடம் இன்னொரு முறை உறுதி செய்யுங்கள். அந்த இனத்தில் பலவற்றுக்கு உள்ள மரபணு மாற்றத்தால் மருந்து மூளைக்குள் சேர்ந்துவிடும்.

கறவை மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் போட்டால், எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதைச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.