உன் பையனின் ஜனவரி மதிப்பெண் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி இரண்டு தடவை கேட்டேன். என்ஜினீயரிங் சேர்க்கைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு, அந்த ஜேஇஇ மெயின் ஜனவரி முடிவு வந்ததிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடவில்லை, அவன் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, வீடே இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னபோது, போன வருஷம் பிப்ரவரியில் எங்கள் வீடு கிடந்த கிடப்புதான் கண்முன் வந்தது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது 300க்கு 77. பெர்சென்டைல் எண்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அவள் அப்பா அதை எண்பது மார்க் என்று எடுத்துக்கொண்டு முதலில் சந்தோஷப்பட்டார், தேர்வு எழுதிய நூறு பேரில் எண்பது பேர் இவள் அளவுக்கோ அதற்குக் கீழேயோ எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்று தெரிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் இரண்டு நாள் அவளிடம் "சாப்பிட வா" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. திட்டாமல் இருப்பதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவளே அடுப்படிக்கு வந்து, "ஏதாவது திட்டிடும்மா, இது தாங்கல" என்றாள். செல்வி, நம் காலத்து நுழைவுத் தேர்வு ஞாபகம் இருக்கிறதா, பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்கு கட் ஆஃப் போடுவார்களே? அதில் எனக்குக் குறைந்தபோது என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. 2007 சேர்க்கையிலிருந்து அந்தத் தேர்வே தமிழ்நாட்டில் இல்லை, அப்பாவும் இல்லை, ஆனால் அந்த ஒரு வாரம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அதையே நான் என் பிள்ளைக்கும் செய்திருந்தேன். அதனால் முதலில் உன் வீட்டுக்காரரைப் பேசச் சொல். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினாலும் சரி.

அன்று சாயந்திரம் அவளைக் கூட்டிக்கொண்டு அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போனேன். தமிழ்ச் சங்கம் வரைக்கும் அவள் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போதுதான், "தெரிஞ்ச கணக்கையே தப்பாப் போட்டிருக்கேன்மா" என்றாள். அவள் படித்த கோச்சிங் சென்டரில் இன்னொரு கிராஷ் கோர்ஸுக்குப் பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஏன் குறைந்தது என்று அங்கே யாரும் அவளிடம் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் குறித்த விடைகள் இருக்கும் ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் விடைக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். உன் பையனும் அப்போதே எடுத்து வைத்திருப்பான், கேட்டுப் பார். 75 கேள்வியில் 27 சரி, 31 தப்பு, மீதி தொடவில்லை. சரிக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒன்று, ஆக 108இல் 31 போய் 77. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதச் சொன்னேன். ஒன்பது கேள்விக்குப் பாடமே புரிந்திருக்கவில்லை. பதிமூன்று, குருட்டாம்போக்கில் போட்டது. அப்படிப் போட்டதில் இந்தப் பதிமூன்று போக நாலு சரியாகவும் இருந்தது, அதனால் பதினேழு கேள்வியோடு மல்லுக்கட்டி அவளுக்குக் கிடைத்தது மொத்தம் மூன்றே மார்க். மிச்ச ஒன்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. மைனஸ் குறியை விட்டிருக்கிறாள், சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை, 'தவறான கூற்று எது' என்று கேட்டிருப்பதைச் சரியான கூற்று என்று படித்திருக்கிறாள். தெரிந்த கேள்வி தப்பானால் நாலும் போய் இன்னொன்றும் போகும், அப்படிப் பார்த்தால் ஒன்பதுக்கு 45. புதிதாக ஒரு வரிகூடப் படிக்காமல் 122 வந்திருக்கும்! சில்லி மிஸ்டேக் என்று பிள்ளைகள் லேசாகத் தள்ளிவிடுகிறார்கள், அவளுடைய மார்க்கில் பெரிய ஓட்டையே அங்கேதான் இருந்தது.

அதற்கப்புறம் தினமும் ஒரு மணி நேரம், 25 கேள்வி, கடிகாரம் வைத்து. மூன்று மணி நேரத்தில் 75 கேள்வி என்றால் ஒன்றுக்கு இரண்டரை நிமிஷம்கூடக் கிடையாது. அதனால் முதல் சுற்றில் பார்த்ததும் வழி தெரிகிற கேள்வி மட்டும், யோசிக்க வைப்பது எல்லாம் இரண்டாம் சுற்றுக்கு. தப்பு செய்ததை ஒரு நோட்டில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை அதே கணக்கைப் பார்க்காமல் திரும்பப் போடுவாள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஏறவில்லை, அழுதாள், நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரலில் 126 எடுத்தாள். ஜனவரி, ஏப்ரல் இரண்டில் எது அதிகமோ அதைத்தான் ரேங்குக்கு எடுத்துக்கொள்வார்கள், அதனால் உன் பையனும் ஜனவரியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் உன்னிடம் மறைக்கவில்லை, அவள் ஆசைப்பட்ட, மத்திய அரசின் என்ஜினீயரிங் கல்லூரியான சூரத்கல் என்ஐடிக்கு அது போதவில்லை. அதே ஏப்ரலில் எழுதிய கர்நாடகாவின் நுழைவுத் தேர்வு, கேசிஇடிதான் கைகொடுத்தது. அதில் நெகட்டிவ் மார்க் கிடையாது, பியூசி (இங்கே பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர்) மார்க்குக்குப் பாதி, தேர்வுக்குப் பாதி. இப்போது இங்கேயே ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள், தினமும் மெட்ரோவில் போய் வருகிறாள், சந்தோஷமாகவே இருக்கிறாள்.

உன் பையனுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வே வேண்டாம், கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கட் ஆஃப். ஜேஇஇ பதற்றத்தில் மார்ச் பொதுத் தேர்வை அவன் கோட்டை விட்டுவிடக் கூடாது. என்ஐடிக்கும் பிளஸ் டூவில் 75 சதவீதம் கேட்கிறார்கள் (போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வந்தாலும் போதும்). என்னைக் கேட்டால், மார்ச் முடியும் வரை பள்ளிப் பாடம்தான் முதலில், ஜேஇஇக்கு அந்த ஒரு மணி நேரம் போதும்.

மகளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் தம்பியை வீடியோ கால் பண்ணச் சொல்கிறாள். ரெஸ்பான்ஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பெங்களூர்க்காரி