டிரிப்டோபான் தீவனத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டிரிப்டோபான் என்பது புரதத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம். மீன்களின் சண்டையையும் பதற்றத்தையும் குறைக்க அதைத் தீவனத்தில் சேர்க்கிறோம். அந்தத் தீவனம் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று: மீன் குஞ்சுகளை அளவுவாரியாகத் தரம் பிரிக்கும் அன்று காலையில் ஒரு வேளை போட்டால் போதுமா? போதாது. குறைந்தது 7 நாள் முன்பே தொடங்க வேண்டும். வானவில் டிரவுட் மீன்களில் 2001-ல் வெளியான ஆய்வில், 3 நாள் கொடுத்தபோது சண்டை குறையவில்லை. 7 நாள் கொடுத்த பிறகே குறைந்தது.

டிரிப்டோபானை மீனின் உடல் தானே செய்துகொள்ளாது. தீவனத்திலிருந்துதான் வர வேண்டும். மூளை அதிலிருந்து, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அந்தத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு, சாதாரண நிலையில் இன்னும் வேலை செய்ய இடம் இருக்கிறது. மூலப்பொருள் கூடினால் செரோடோனினும் கூடும். தீவனத்தில் செய்கிற சிறு மாற்றம் மூளை வரை எட்டுவது இதனால்தான். வலை இழுத்தாலோ நெரிசலில் வைத்தாலோ, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது தலைச் சிறுநீரகத்தில் (சிறுநீரகத்தின் முன்பகுதி) உள்ள செல்களைத் தூண்ட, அழுத்த ஹார்மோனான கார்டிசால் ரத்தத்தில் ஏறுகிறது. இந்தத் தொடரைக் கட்டுப்படுத்துவதில் செரோடோனினுக்குப் பங்கு உண்டு. ஒரு வாரம் டிரிப்டோபான் தின்ற டிரவுட்களுக்கு, அழுத்தம் கொடுத்தபோது கார்டிசால் குறைவாகவே ஏறியது.

அப்படியானால் புரதம் அதிகமுள்ள தீவனமே போதுமே என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், பினைல்அலனின் ஆகிய மற்ற அமினோ அமிலங்களும் மூளைக்குள் நுழைய டிரிப்டோபான் போகும் அதே வழியைத்தான் பயன்படுத்துகின்றன. புரதத்தை மொத்தமாகக் கூட்டினால் போட்டியாளர்களும் சேர்ந்தே கூடுவார்கள். டிரிப்டோபானின் பங்கு அப்படியே நின்றுவிடும். மக்காச்சோளக் குளூட்டன் இன்னும் மோசம்: லூசின் நிறைய, டிரிப்டோபான் சொற்பம். ஜெலட்டினில் டிரிப்டோபான் அறவே இல்லை. மூட்டையில் எழுதியிருக்கும் புரதச் சதவீதம் இதில் எதையும் காட்டாது.

சொந்தமாகக் கலப்பவர்களுக்கு: 1 கிலோ குருணைத் தீவனத்துக்கு 5 கிராம் எல்-டிரிப்டோபான். இதைத் தண்ணீரில் கரைக்க முயல வேண்டாம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 11 கிராம்தான் கரையும். 5 கிராமைக் கரைக்கவே அரை லிட்டர் பிடிக்கும், குருணை கூழாகிவிடும். மாவு போல் அரைத்த தூளை முதலில் ஒரு பிடி தீவனத் தூளோடு கலந்து, பிறகு முழுத் தீவனத்தோடும் புரட்டுங்கள். 10 கிராம் ஜெலட்டினை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மேலே தெளித்துக்கொண்டே கிளறுங்கள். இந்தச் சிறு அளவு ஜெலட்டினால் அமினோ அமில விகிதம் கெடாது. நிழலில் காயவையுங்கள், வெயில் டிரிப்டோபானைச் சிதைக்கும்.

இந்த ஜெலட்டின் மேற்பூச்சு இல்லாமல் போட்டால் டிரிப்டோபான் தண்ணீரில் கசிந்து போகும். மெதுவாகத் தின்னும் மீன்களுக்கு இந்த இழப்பு அதிகம். அதனால் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவை, ஒரே வேளையாகக் கொட்டாமல் நாளுக்கு மூன்று நான்கு தடவையாகப் போடுங்கள். தனியாகச் சேர்த்த அமினோ அமிலம், புரதத்தோடு பிணைந்திருப்பதைவிட விரைவாக ரத்தத்தில் ஏறி விரைவாக இறங்கிவிடும் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

குஞ்சுகளை ஏற்றி அனுப்புவதற்கு முந்தைய நாள் வழக்கம்போல் பட்டினி போடத் தயங்க வேண்டாம். அட்லாண்டிக் சால்மனில், டிரிப்டோபான் தீவனத்தை நிறுத்திப் பல நாள் கழித்தும் விளைவு தெரிந்திருக்கிறது.

நல்லதுதானே என்று ஆண்டு முழுவதும் போடுவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. மேலே சொன்ன டிரவுட்களில், அழுத்தம் எதுவும் கொடுக்காதபோது கார்டிசால் சற்றுக் கூடியே இருந்தது. ஐரோப்பியக் கடல் பாஸில் கூடுதல் டிரிப்டோபான் நோய் எதிர்ப்பைப் பாதித்ததாகவும் ஆய்வு உண்டு. மிஞ்சும் அமினோ அமிலம் உடைந்து அம்மோனியாவாகவும் வெளியேறும். 7 முதல் 10 நாள், பிறகு சாதாரணத் தீவனம். இதுவே எங்கள் பரிந்துரை. இதற்கு நேர்மாறாக, டிரிப்டோபான் போதாமல் போனால் சால்மன் இனங்களில் முதுகெலும்பு வளைவதும் உண்டு, ஆகவே அடிப்படைத் தீவனத்தில் அது போதிய அளவு இருப்பது தனிக் கடமை.

களவா போன்ற, ஒன்றையொன்று தின்னும் குஞ்சுகளில் இந்தத் தீவனத்துக்குப் பயன் உண்டு. ஆனால் பெரிய குஞ்சையும் சின்னக் குஞ்சையும் ஒரே தொட்டியில் விட்டால் தீவனம் காப்பாற்றாது. பிராணவாயு குறைந்த நீருக்கும் இது மருந்தில்லை.

ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான அமினோ அமிலச் சோதனையில் அமிலத்தில் வேகவைக்கும்போது டிரிப்டோபான் அழிந்து, அறிக்கையில் இல்லாதது போலவே வரும். அமிலத்துக்குப் பதிலாகக் காரத்தில் புரதத்தை உடைக்கும் (கார நீராற்பகுப்பு) முறையைக் கேட்டு வாங்குங்கள்.

முதல்முறை எல்லாத் தொட்டிக்கும் போடாதீர்கள். ஒரே வயது, ஒரே எண்ணிக்கைக் குஞ்சுகளை இரண்டு தொட்டிகளில் வைத்து, ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள். தரம் பிரித்த பிறகு எத்தனை மணி நேரத்தில் மீண்டும் தின்னத் தொடங்குகின்றன, கடிபட்ட துடுப்புகள் எத்தனை என்று இரண்டிலும் எழுதிவையுங்கள். அடுத்த மூட்டை வாங்க வரும்போது அந்தக் குறிப்பைக் கொண்டுவந்தால், உங்கள் இனத்துக்கு ஏற்ப அளவைச் சேர்ந்தே திருத்துவோம்.

இப்படிக்கு,
தீவனப் பிரிவினர்