ஐந்தாவது எழுத்து

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில், "என்னப்பா இது, எழுத்தும் நம்பருமா மந்திரம் மாதிரி இருக்கு" என்று சலித்துக்கொண்டாய். முதல் மாதச் சம்பளம் வராவிட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

சம்பளத்துக்காக ஆபீஸில் நீ கொடுத்த வங்கி விவரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பணம் எந்த வங்கியின் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஐஎஃப்எஸ்சி எண்ணில் ஐந்தாவது இடத்தில் ஆங்கில ஓ போட்டிருக்கிறாய். அங்கே வர வேண்டியது சைபர். எந்த வங்கியானாலும் அப்படித்தான். மொத்தம் 11 இடம். முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும்; ஸ்டேட் பாங்க் என்றால் எஸ்பிஐஎன். அப்புறம் ஒரு சைபர். கடைசி ஆறும் கிளைக்கு உரியவை. ஆதாரில் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பதினொன்றையும் கணக்குப் போட்டு வருவது, ஓர் இலக்கம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஐஎஃப்எஸ்சிக்கு அந்தக் காவல் கிடையாது, நம் கண்தான் காவல். 30 வருஷம் கவுன்டரில் இருந்தவன் சொல்கிறேன், இந்த ஓவும் சைபரும் எத்தனையோ பேரை அலையவிட்டிருக்கின்றன. நாளைக் காலையிலேயே ஆபீஸில் சொல்லித் திருத்திவிடு.

ஓடிபி இந்த வகையில் சேராது. அதற்குள் படிக்க ஒன்றுமில்லை. அந்த நிமிஷத்துக்கென்று கணினி உருட்டிப் போட்ட எண், அவ்வளவுதான். படிக்க வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கும் வரியை. எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று முதலில் பார். உனக்குப் பணம் வருவதற்கு உன் ஓடிபி யாருக்கும் தேவையில்லை. "சம்பளத்தை ரிலீஸ் பண்ண ஓடிபி சொல்லுங்க மேடம்" என்று யாராவது கேட்டால் போனை வைத்துவிடு. தப்பித்தவறிச் சொல்லிவிட்டாலும் பயந்து மறைக்காதே. உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடி, அப்புறம் எனக்கு. நான் திட்டமாட்டேன்.

பான் கார்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பார். நான்காவது எழுத்து பி, தனிநபர் என்று அர்த்தம். கம்பெனி என்றால் சி இருக்கும். ஐந்தாவது, குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நமக்கு ஏது குடும்பப் பெயர்? நீ காலேஜ் சேர்ந்த வருஷம் திண்ணையில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினோமே, அந்தக் கட்டத்தில் என் பெயரைத்தான் எழுதினோம். அதனால் அந்த எழுத்து என்னுடையது. நாளைக்குக் கல்யாணமாகி நீ பெயரை மாற்றிக்கொண்டாலும் பான் எண் மாறாது.

சம்பளம் ஏறியதும் ஒரு போன் பண்ணு. எந்த நேரமானாலும் சரி, அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா