சிரங்குக்குக் கலவைக் களிம்பு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு மூக்கோரம், வாயோரம் சிரங்கு வந்துவிடுகிறது. சின்னக் கொப்புளம் உடைந்து நீர் வடிந்து, தேன் நிறத்தில் பொருக்குத் தட்டும். பாக்டீரியா தொற்று இது. ஒரே துண்டில் நாலு பிள்ளைகள் முகம் துடைத்தால் நாலு பேருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அக்கி என்று நினைத்துக் காவி பூசி அனுப்புகிறவர்கள் உண்டு. அதையாவது பேசிப் புரிய வைத்துவிடலாம். வேதனை தருவது மெடிக்கலில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்புதான். ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் ஒரே ட்யூபில். தடவியதும் சிவப்பும் அரிப்பும் அடங்குவதால் தாய்மார் நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. தொடர்ந்து பூசினால் பிஞ்சுத் தோல் மெலிந்தும் போகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன, கடையில் யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் தக்காளி பறிக்கப் போனால்தான் கூலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. பார்ப்பதும் அதே நேரம். அவர்கள் திரும்பும்போது திறந்திருப்பது மெடிக்கல் மட்டுமே.

இத்தனைக்கும் சரியான வைத்தியம் எளிது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால், பொருக்கைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, மியூபிரோசின் போன்ற களிம்பை டாக்டர் சொன்னபடி 5 நாள் தடவினால் பெரும்பாலும் ஆறிவிடும். உடம்பெங்கும் பரவியிருந்தால் செஃபலெக்சின் போன்ற மருந்தை 7 நாள் குடிக்கக் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மருந்து தொடங்கிய ஓரிரு நாளில் மற்றவர்களுக்கு ஒட்டுவது நின்றுவிடும். பிள்ளையை வாரக்கணக்கில் வீட்டில் வைக்கத் தேவையில்லை. அப்புறம், சிரங்கு ஆறிய பின் முகம் வீங்கினாலோ சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிலருக்கு இது சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீடு வீடாகப் போகும் அந்த ஊழியர்களே பிள்ளைகளின் சிரங்கையும் பார்த்து டாக்டருக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்யலாம். எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு சாயங்காலமாவது ஓ.பி. வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் கிராமத்துக் கடைகளுக்கும் வந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அங்கன்வாடி பணியாளர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.